கட்டிய பை

ஒரு மூச்சின் விலை முக்கால் ரூபாய். நூற்றைம்பது ரூபாய் இன்ஹேலரில் இருநூறு இழுப்பு. நீங்களே வகுத்துப் பாருங்கள், சார். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் எடை, அப்புறம் விலை, அதற்கப்புறம்தான் அது என்ன பொருள் என்று பார்ப்பேன்.

சூரமங்கலத்தில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் என் கடை. முதுகில் பை மாட்டிக்கொண்டு காடு மலை சுற்றுகிறவர்களுக்குத் தூண்டில் செட் விற்கிறேன். இழுத்தால் நீளும் ராடு, ஐஸ் குச்சியில் சுற்றிய தங்கூசி நரம்பு, ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் ஈயக்குண்டு, ஸ்ட்ராவுக்குள் செருகிய முள். எல்லாம் சேர்த்து முந்நூறு கிராம் தாண்டாது. கட்டுவது என் தங்கை சௌந்தர்யா. அவள் போட்ட முடிச்சை இதுவரை எந்த மீனும் அவிழ்த்ததில்லை. செட் விற்பது அவள் விரலால்தான். நான் கல்லாவில் உட்கார்ந்து வாய் பேசுகிறவன்.

எங்கள் அப்பா காலத்து வழக்கம் ஒன்று உண்டு. வெள்ளியை நிறுத்து வாய் கட்டிக் கொடுத்த பையை வாங்கினவர் எங்கள் எதிரில் அவிழ்க்க மாட்டார். அவிழ்த்தால் நிறுத்தவனைத் திருடன் என்று சொன்ன மாதிரி. எங்கே மீன் பிடிக்கப் போனாலும் எல்லார் பையையும் நான்தான் நிறுத்துக் கட்டுவேன். தண்ணீர் ஓரம் போய்ச் சேரும்வரை யாரும் திறக்க மாட்டார்கள்.

சௌந்தர்யாவின் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷ் திருச்செங்கோட்டுக்காரர். ரிக் லாரியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். அந்தப் புழுதிதான் நெஞ்சில் இளைப்பாக உட்கார்ந்துவிட்டது. நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கார்த்திகையில் ஓசூரில் புழுதி இல்லாத வேலை ஒன்று கிடைத்தது. தையில் சௌந்தர்யாவைக் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோவதாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஓசூர் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அண்ணனுக்குத் தெரியாதா?

போவதற்கு முன்னால் ஒருதடவை மீன் பிடிக்கப் போகலாம் என்று அவர்தான் கூப்பிட்டார். முந்தின நாள் கடையில் தன் சாமானையெல்லாம் தராசுக்கு முன்னால் பரப்பினார். சோப்பை எடுத்துப் போட்டேன், இரண்டாவது துண்டை எடுத்துப் போட்டேன். சீப்புக்கு மட்டும் மல்லுக்கட்டினார்.

“இருக்கற முடிக்கு சீப்பு எதுக்குங்க மாப்ள?”

“மீனுக்குச் சீவி உடோணுமுங்க மச்சான்.”

சீப்பை விட்டுவிட்டேன். பேரத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் எதிராளி மற்றதைக் கவனிக்க மாட்டார்.

அவரிடம் இரண்டு இன்ஹேலர் இருந்தன. ஒன்று பழசு, அடியில் நாலைந்து இழுப்பு மிச்சம். இன்னொன்று பிரிக்காத புதுசு. இரண்டுக்கும் பதினைந்து கிராம் வித்தியாசம். பதினைந்து கிராமுக்காக என் பல் பிரஷ்ஷின் கைப்பிடியையே அறுத்தவன் நான், சார்.

மறுநாள் விடியுமுன் ராசிபுரம் பஸ்ஸில் ஏறும்போது கேட்டார். “இன்ஹேலர் வெச்சுட்டீங்களா மச்சான்?”

“வெச்சாச்சு மாப்ள.”

நான் பொய் சொல்லவில்லை. கட்டிய பையை அவரும் அவிழ்க்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி அடிவாரத்தோடு மூன்று மணி நேர நடை. ஏரிக்கரையில் மார்கழிப் பனி இன்னும் கலையவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. டீ போட விறகு மூட்டினேன். ஈர விறகு, புகை அவர் பக்கமாகப் போயிற்று. இடம் மாறி உட்காரச் சொல்லியிருக்கலாம். அப்போதுதான் விரால் ஒன்று என் முள்ளைக் கடித்திருந்தது. அவருக்கு நெஞ்சு சீட்டியடிக்க ஆரம்பித்தது. பையை அவிழ்த்தார். எடுத்தார், குலுக்கினார், அழுத்தினார். மறுபடி குலுக்கினார்.

“கனமே இல்லீங்க, மச்சான்.”

அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். என்னைத் திட்டவில்லை. உள்ளங்கையில் அதை வைத்து, என் தராசு மாதிரி, ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஈர நரம்பை அப்படியே போட்டால் சிக்கிக்கொள்ளும். முழுக்கச் சுற்றி முடித்த பிறகுதான் ஆள் கூப்பிடப் போனேன்.

எல்லாரும் இளைப்பில் போனார் என்றுதான் நினைத்தார்கள். நீங்கள் என்னைப் பிடித்தது என் வளர்ப்பால். புது இன்ஹேலரைச் சாக்கடையில் போட்டிருந்தால் இந்த டீயை நான் குடித்துக்கொண்டிருக்க மாட்டேன். நூற்றைம்பது ரூபாய்ப் பொருளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலமே மருந்துக்கடைப் பச்சமுத்துவிடம் திருப்பிக் கொடுத்தேன். பத்து ரூபாய் பிடிக்கப் பார்த்தார். கால்மணி நேரம் பேசி முழுசையும் வாங்கினேன். அவ்வளவு பேசின ஆளை அவர் எப்படி மறப்பார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பழசில் இருந்த அந்த நாலைந்து இழுப்பு. அதைக் கடையின் பின்பக்கம் நின்று, ஒவ்வொன்றாகக் காற்றில் விட்டேன். பிறகுதான் பையில் வைத்துக் கட்டினேன்.

எல்லாம் சௌந்தர்யாவுக்காகத்தான். தெரியாத ஊரில் அவள் கஷ்டப்படக் கூடாது. நேற்று ஸ்டேஷனுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று என் கையையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள். துக்கம், நாளாக நாளாக ஆறிவிடும். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், சார். பொங்கல் லீவுக்கு அறுபது செட் ஆர்டர் எடுத்திருக்கிறேன். அவர் போன நாளிலிருந்து அவள் கட்டியது ஒன்றுகூட இல்லை. அறுபதும் பாக்கி.