மைக்கை அணைத்துவிட்டுப் பேசக் கற்பித்த அன்புச்செல்வி அம்மையாருக்கு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பேருந்துப் படிகளில் பாதி வாழ்வைக் கழித்தவரே, வகுப்பறையின் வாடிய முகங்களை வாசிக்க வாத்தியார்களுக்கே வகுப்பெடுத்தவரே, முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் எங்கள் ஆசிரியப் பயிற்றுநரே, அன்பின் அன்புச்செல்வி அம்மையாரே, வணக்கம்.

பிள்ளைகளின் மனநலம் பற்றி நீங்கள் முதல் பயிற்சி எடுத்த சனிக்கிழமை, நாங்கள் பின்வரிசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். "மனசுக்கெல்லாம் எதுக்குங்க ட்ரெயினிங்கு? ரெண்டு அடி போட்டா சரியாப்பூடும்" என்றார் ஒரு தலைமையாசிரியர். "உங்களுக்கு மனசு சரியில்லாதப்போ யாருங்க சார் அடிச்சாங்க?" என்றீர்கள். "அவரு வூட்டம்மாதான்" என்றது பின்வரிசை. சிரிப்பு அடங்கியபோது அவர் பேனாவை மூடியிருந்தார்.

அன்று முதல் பயிற்சி அவரைப் பற்றிக்கொண்டது, சற்று அளவுக்கு மீறியே. பிறந்தநாளோ பரிசோ, எதையும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்பதுதானே நம் வழக்கம்? ஒரு மாணவி அவரிடம் அழுது சொன்னதை மறுநாள் காலை மைக்கில், பெயரோடு அறிவித்துவிட்டார். "பாவம், மனசு ஒடிஞ்சிருக்குது. எல்லாரும் அன்பா இருங்க. ஒரு தடவ கைதட்டுங்க." பள்ளியே கைதட்டியது. மதியம் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

"இதையும் மடல்ல எழுதுங்கம்மா" என்றார் அந்தத் தலைமையாசிரியரே இப்போது. "அந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டுட்டேன். பேரு மட்டும் வேணாம்னா."

அப்போது நீங்கள்தான் அவரை அவள் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் அழைத்துச் சென்றீர்கள். "அங்க போயி நாம பேச வேணாம் சார். அவ பேசுனா கேப்போம்." அவள் தாயோடு அமர்ந்து இருவரும் முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்தீர்கள். அவள் வெளியே வரவில்லை. மறுவாரமும் போனீர்கள், அதற்கடுத்த வாரமும். கடைசியில் உள்ளிருந்து குரல் வந்தது.

"மைக் எடுத்துக்கினு வந்திருக்கீங்களா சார்?"

"இல்லம்மா."

"வெளிய போயி சொல்லுவீங்களா?"

"சொல்லமாட்டேம்மா."

"டீச்சருங்ககிட்ட?"

அவர் சற்றுத் தயங்கினார். "அவங்ககிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

அவள் வெளியே வந்து முறத்தைப் பார்த்தாள். "சொத்தையெல்லாம் நல்லதுல போட்டுக்கினு இருக்கீங்க டீச்சர்" என்று அருகில் உட்கார்ந்தாள். தேர்வும் எழுதினாள்.

அதன்பிறகு உங்கள் பயிற்சியின் முதல் பாடமே மாறியது: பிள்ளை சொன்னது கேட்டவரோடு நிற்கவேண்டும், உதவிக்கு இன்னொருவரிடம் சொல்ல நேர்ந்தால், முதலில் பிள்ளையிடம் சொல்லவேண்டும். தேநீர் வேளையில் பிள்ளைகளின் கதை பேசி வந்த எங்களுக்கு அது எளிதாக இல்லை. ஆனாலும் பழகினோம்.

"அம்மா போனா பயிற்சியும் போயிரும்" என்கிறார்கள் சிலர். போகாது. திண்டிவனத்தில் எங்களில் ஒருவரான ஜெசிந்தா டீச்சர் எடுப்பார், விழுப்புரத்தில் நாங்கள் எடுப்போம். பின்வரிசையில் விடைத்தாள் திருத்துவோரிடம் பொறுமை காப்போம். நாங்களும் அந்த வரிசைதானே.

நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் நீங்கள் வாழவேண்டும். சட்டமிட்ட இம்மடல் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். படிப்பவர்கள், "யாருங்க அந்தப் பொண்ணு?" என்பார்கள். இம்மடலில் அவள் பெயர் இல்லை. இன்று இந்த அரங்கில் அவள் இருக்கிறாளா என்பதையும் நாங்கள் சொல்லப்போவதில்லை.

கேட்டதைக் காக்கும் உறுதியோடு,
உங்களிடம் பயின்ற விழுப்புரம், திண்டிவனம் ஆசிரியர்கள்