காரையாறு கடைசிப் பஸ்

வலைத்தொட்டிலில் நேராகப் படுக்கக் கூடாது. தலை ஒரு ஓரமும் கால் எதிர் ஓரமுமாகச் சற்றுக் கோணலாகப் படுத்தால் முதுகு வலிக்காது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நேசையா. அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். இதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் பாபநாசம். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். நேசையா அதே பிரிவில் எனக்கு நான்கு வயது இளையவர். கழிவு நூலை முறுக்கிக் கயிறாக்கி, அதில் பெரியவர்கள் படுக்கிற அளவுக்கு வலைத்தொட்டில் பின்னத் தெரிந்தவர். லீவு கிடைக்கும்போதெல்லாம் இருவரும் காலைப் பஸ்ஸில் காரையாறு ரோட்டில் ஏறிப்போய், கோயில் தாண்டி ஒரு சின்னப் பாலத்தடியில் இறங்குவோம். அங்கிருந்து ஆற்றோரம் நடந்தால் நீர்மருது மரங்கள். தொட்டிலைக் கட்டி ஒரு ராத்திரி படுத்துக் கிடந்துவிட்டு மறுநாள் கடைசிப் பஸ்ஸில் திரும்புவோம்.

டிரைவருக்கு நாங்கள் ஒரு வேடிக்கை. "ஏலே, மீசை நரைச்ச பிள்ளையளுக்குத் தொட்டில் கட்டப் போறாவ. தாலாட்டுக்கு ஆளு ஏத்திக்கிடவா?" என்பார். "நீரே வாரும்வே, உம்ம ஹாரன் தாலாட்டு மாதிரிதான் இருக்கு" என்பார் நேசையா. என் மகன் சங்கருக்கு மில்லில் வேலை கிடைத்தபின் அவனும் எங்களோடு வரத் தொடங்கினான்.

ஹாரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கண்டக்டர் முத்துசுப்பிரமணியன் மனதில் வைத்துக்கொள்வார். திரும்பும் நாள் சாயங்காலம் பாலத்தடியில் பஸ் நின்று மூன்று முறை ஹாரன் அடிக்கும். உள்ளே இருப்பவர்கள் "வாரோம்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆள் குறைந்தால் பஸ் கிளம்பாது. அதற்கப்புறம் காலை வரை அந்த ரோட்டில் வண்டி கிடையாது.

தொண்ணூற்றுநான்கு ஐப்பசியில் என் மனைவி அன்னத்தாய்க்குக் காய்ச்சல் என்பதால் நான் போகவில்லை. சங்கரும் நேசையாவும் போனார்கள். திரும்பும் நாள் மத்தியானம் சங்கர் குளிக்க ஆற்றின் மேல்பக்கம் போனான். வெகுநேரம் வரவில்லை. அப்போது ரோட்டில் ஒரு ஜீப் கீழே இறங்கியது. அதில் நீலச் சட்டை போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்ததை நேசையா தூரத்திலிருந்து பார்த்தார். சங்கரும் நீலச் சட்டைதான். காய்ச்சல்காரத் தாயைப் பார்க்க அவசரப்பட்டு ஏறிப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

கண்டக்டர் கேட்டபோது, "அவன் அப்பமே ஜீப்ல போயிட்டான்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

சங்கர் இரண்டு பாறைகளுக்கு நடுவில் கால் சிக்கிக் கிடந்தான். மறுநாள் மத்தியானம் கண்டெடுத்தோம். விடியும் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் அவன் ஹாரனைக் கேட்டிருப்பான். வாரோம் என்றும் சொல்லியிருப்பான். அடுத்த ஆடியில் அன்னத்தாயும் போய்விட்டாள்.

நேசையா மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் தினமும் வீட்டுக்கு வந்து அழுதார். நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றுவேன். யாரும் செய்யக்கூடிய தவறு என்று பலமுறை சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

இந்தத் தை மாதம் ஒருநாள் அவர் அழாமல் வந்தார். "அண்ணாச்சி, கர்த்தர் எனக்கு மனசமாதானம் குடுத்துட்டாரு. இப்பம் நல்லா ஒறங்குதேன். நீங்களும் இப்படி முடங்கிக் கெடக்காதிய. பழையபடி மேல போவமா? ராத்திரி தங்காண்டாம். காலையில போயி சாயங்காலம் வந்துருவோம்" என்றார்.

சரி என்றேன். எனக்கு உறக்கம் போய் ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. அவர் உறங்குகிறார் என்பது சந்தோஷமான விஷயம்தான்.

இரண்டு தடவை போய்வந்தோம். மூன்றாவது தடவை, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தொட்டிலைக் கட்ட நான் நைலான் கயிறு கொண்டுபோனேன். முடிச்சுப் போடுவது எப்போதும் என் வேலை. நான் போடும் முடிச்சைப் பருத்திக் கயிறு கவ்விப் பிடிக்கும். நைலானில் ஆள் எடை ஏறினால் பைய நழுவும். நூலோடு கிடந்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது. வழக்கத்தைவிட ஒரு முழம் உயரமாக, பாறைச் சரிவுக்கு மேலே கட்டினேன். காலில் அடிபடும் என்றுதான் நினைத்தேன். இடுப்பு முறியும் என்று நினைக்கவில்லை.

முடிச்சு நழுவிப் பாறையில் விழுந்தவர் கத்தவில்லை. "கால அசைக்க முடியல அண்ணாச்சி" என்றார். முகம் வெளுத்து வியர்த்துப் போயிருந்தது. எனது தொட்டிலைப் பருத்திக் கயிற்றில் தாழ்வாகக் கட்டி, அவரைப் பைய இழுத்து அதில் கிடத்தினேன். முதுகு வலிக்காதபடி கோணலாகத்தான் கிடத்தினேன். ஜமுக்காளம் போர்த்திவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும்படி வைத்தேன்.

"பஸ்ஸு வந்ததும் முத்துட்டச் சொல்லுங்க. நாலு பேரு வந்தா இப்படியே தொட்டிலோட தூக்கிருவாங்க" என்றார். பிறகு, "நல்ல வேளை, நீங்க பக்கத்துல இருந்திய" என்றார்.

சாயங்காலம் பஸ் வந்தது. மூன்று ஹாரன். நான் நடந்துபோய்ப் படியில் ஏறினேன்.

"எங்க, நேசையாவக் காணும்?" என்றார் கண்டக்டர்.

"அவரு அப்பமே ஜீப்ல போயிட்டாரு."

முத்துசுப்பிரமணியன் என்னையே பார்த்தார். அவருக்கு அந்த வார்த்தை ஞாபகம் இருந்தது. "அண்ணாச்சி, நல்லாத் தெரியுமா? அன்னைக்கும் இப்படித்தான் சொல்லி..." என்று நிறுத்திக்கொண்டார்.

"நானே ஏத்திவிட்டேன் தம்பி."

அப்படியும் மனசு கேட்காமல் இன்னொரு தடவை ஹாரன் அடிக்கச் சொன்னார். நல்ல மனிதர், அவர் மேல் எந்தக் குற்றமும் வரக் கூடாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் பஸ்ஸுக்குள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நான் படியில் நின்றதால் எனக்குக் கேட்டது. "வாரோம்" என்றார் நேசையா. ஆள் அனுப்ப நான் போயிருக்கிறேன் என்ற தைரியம் அந்தக் குரலில் இருந்தது.

ஒரு ராத்திரிதான் என்று நினைத்திருந்தேன். என் மகன் கிடந்த மாதிரி ஒரே ஒரு ராத்திரி. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்த் தூக்கி வந்துவிட வேண்டும். அதற்காக பிளாஸ்க்கில் டீ போட்டு, இரண்டு டம்ளரும் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருந்ததால் அதுவரை யாரும் தேடவில்லை.

முத்துசுப்பிரமணியன் என் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்து, "மேல வாரியளா? யாரும் அங்கன இருக்காவளா?" என்றார்.

ஏறத்தான் கால் வைத்தேன். வாயில் வந்தது வேறு. "இல்ல தம்பி, மேல யாரும் இல்ல" என்றேன். பஸ் போய்விட்டது. டீயை நானே குடித்தேன்.

புதன்கிழமை வனக்காவலர் அவரைக் கண்டார். செவ்வாய்க்கிழமை வரை உயிர் இருந்திருக்கிறது என்று ஸ்டேஷனில் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேசையாவைக் கொன்றது நான்தான். கயிற்றிலும் கொன்றேன், படியில் நின்றும் கொன்றேன், ஸ்டாண்டில் டீயோடு நின்றும் கொன்றேன்.

திங்களும் செவ்வாயும் சாயங்காலம் கடைசிப் பஸ் வரும்போது நான் ஸ்டாண்டில் நின்றதை டீக்கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். மனம் உறுத்தி நேசையாவுக்காகக் காத்திருந்தேன் என்று நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். ஒருவரைப் பதிலுக்கு அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இனி மற்றவனை இறக்கிவிடுவார்கள் என்றுதான் நின்றேன். இறங்குகிறவர்களில் நீலச் சட்டை இருக்கிறதா என்று பஸ் காலியாகும் வரை பார்த்தேன்.