டேப் ஒட்டாத ஓட்டை

அண்ணன்: மாஸ்க்க எறக்கிட்டுப் பேசு பாப்பா. ஒண்ணும் விளங்கல.

தங்கை: எறக்கினா பெயிண்ட் புகையெல்லாம் எனக்குள்ளதான் போகும்... இந்தா, எறக்கிட்டேன். கலர் எப்படி இருக்குன்னு கேட்டேன்.

அண்ணன்: இப்ப அடிச்சிட்டிருக்கியே, அதுவா?

தங்கை: இது அடுத்தது. உன் கையில இருக்கறதச் சொல்லு. நெட்டையனோட கிட்டார் பெடல் பெட்டி.

அண்ணன்: நடுவுல ஒரு கோடு தெரியுது.

தங்கை: எங்க?

அண்ணன்: இங்க, நீலம் சாம்பலா மாறற எடத்துல.

தங்கை: அது உன் கண்ணாடியில இருக்கற விரல் ரேகை. தொடைச்சிட்டுப் பாரு.

அண்ணன்: ...ஆமா. சரி, நல்லாத்தான் இருக்கு. மழைக்கு முந்தின வானம் மாதிரி.

தங்கை: அதத்தான் அவன் கேட்டான். ஏர்பிரஷ்ல ஏழு பூச்சு. கை விட்டுப் போச்சு.

அண்ணன்: கீழ போட்டு மிதிக்கப் போறான். அதுக்கு வானம் வேற.

தங்கை: பொறாமை. நீ உள்ள கட்டற சர்க்யூட்ட யாரு பாக்கறா?

அண்ணன்: என் வேலையப் பாக்க வேணாம். மிதிச்சதும் கிட்டார் உறுமணும், எடுத்ததும் அடங்கணும். அவ்வளவுதான். ...போன பெட்டி எப்படின்னு நெட்டையன் ஏதாவது சொன்னானா?

தங்கை: இல்ல... ஒண்ணும் சொல்லல.

அண்ணன்: ஒரு போன்கூட பண்ணலயே.

தங்கை: மூணு தடவ பண்ணானாம். நீ எடுக்கல.

அண்ணன்: சால்டர் வச்சுக் கம்பி ஒட்டிட்டு இருந்திருப்பேன்.

தங்கை: மூணு தடவையுமா?

அண்ணன்: கேள்வி கேக்காத. எப்ப வேணுமாம் அவனுக்கு?

தங்கை: சனிக்கிழமை மேடை. இந்தத் தடவ சரியா இல்லன்னா அவனக் குழுவுலேருந்தே தூக்கிடுவாங்க.

அண்ணன்: இந்தத் தடவன்னா?

தங்கை: ...ஒண்ணும் இல்ல. வாசிச்சுப் பாரு. நான் இதுக்கு இன்னொரு பூச்சு அடிச்சிடறேன்.

அண்ணன்: அத நிறுத்திட்டு இப்படி எதிர்ல வந்து உக்காரேன்.

தங்கை: இங்கேருந்தே எனக்குக் கேக்கும்.

அண்ணன்: எப்பவும் உக்காருவியே...

தங்கை: பெயிண்ட்டக் கலந்தாச்சு, காஞ்சு போயிடும். மாஸ்க்க மாட்டறேன். நீ வாசி.

அண்ணன்: ...சரி. இதோ, மிதிக்கறேன்... ம். ம்ம்... சுத்தமா இருக்கு. அனுப்பிடலாம். என்ன, அசையாம நிக்கற? மாஸ்க்க எறக்கு.

தங்கை: எறக்கிட்டேன். இப்பச் சொல்லு. சுத்தமா இருக்கா?

அண்ணன்: அதான் சொன்னேனே.

தங்கை: இரைச்சல் இல்ல?

அண்ணன்: நான் கட்டினதுல ஏது இரைச்சல்?

தங்கை: கிட்டார்லேருந்து கைய எடுத்துட்ட. இப்பவும் இரைஞ்சிட்டுத்தான் இருக்கு அண்ணே. ரூம் பூரா கொசுக் கூட்டம் மாதிரி.

அண்ணன்: ...ஸ்பீக்கர் ஆம்ப் பழசு.

தங்கை: ஆம்ப் இல்ல. கம்பி சொருகற ஓட்டைக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிச்சிருக்கேன். தகடு நிறத்துலயே அடிச்சேன், உனக்குத் தெரியக் கூடாதுன்னு.

அண்ணன்: அங்க எப்பவும் டேப் ஒட்டிட்டுத்தான அடிப்ப? பெயிண்ட் பட்டா தகட்டத் தகடு தொடாது, இரையும்னு தெரியாதா உனக்கு?

தங்கை: தெரியும். நீ உள்ள பாக்கவே இல்லயே.

அண்ணன்: நீ ஒட்டியிருப்பன்னு விட்டுட்டேன். பதினெட்டுப் பெட்டியில ஒரு நாளும் நீ மறந்ததில்ல.

தங்கை: மறந்தேன். போன பெட்டியில. மேடையில மொத மிதியிலேயே இரைஞ்சிருக்கு. நெட்டையன் பாதியில எறங்கிட்டான். பெட்டிய எங்கிட்டதான் கொண்டாந்து குடுத்தான்.

அண்ணன்: எங்கிட்ட நீ சொல்லல.

தங்கை: தப்பு என்னுது. வெக்கமா இருந்துச்சு. கத்தியால சொரண்டினேன், இரைச்சல் நின்னுடுச்சு. அப்புறம்தான் தோணுச்சு... இதே ரூம்ல, இதே நாற்காலியில உக்காந்து அண்ணன் வாசிச்சுப் பாத்துட்டுத்தானே அனுப்பிச்சதுன்னு. போன தடவ தெரியாமப் பண்ணினேன். இந்தத் தடவ வேணும்னே பண்ணினேன்.

அண்ணன்: இந்தா, ஆம்ப்ப அணைச்சிட்டேன். போதுமா?

தங்கை: எப்பலேருந்து அண்ணே?

அண்ணன்: எட்டு மாசம். இடது காது மொதல்ல. அப்புறம் வலதும் வத்திப் போச்சு.

தங்கை: நான் பேசறதெல்லாம்?

அண்ணன்: வாயப் பாத்துப் புரிஞ்சுக்கறேன். உன் வாய் எனக்கு நல்லாப் பழக்கம். சின்ன வயசுலேருந்து ஓய்ஞ்சதே இல்லயே.

தங்கை: கிண்டல் பண்ணாத. டாக்டரப் பாத்தியா?

அண்ணன்: ரெண்டு பேரப் பாத்தாச்சு. போனது போனதுதானாம்.

தங்கை: ஏன் எங்கிட்ட மறைச்ச?

அண்ணன்: பயம். காது கேக்காதவன் கட்டின பெடல எவன் வாங்குவான்? வேற என்ன தெரியும் எனக்கு? நீயும் உன் பெயிண்ட்டத் தூக்கிட்டு வேற எடம் பாத்துப் போயிடுவியோன்னு... அழாத.

தங்கை: நான் எங்க அண்ணே போவேன்? ...இந்த எட்டு மாசத்துல நாலு பெட்டி அனுப்பியிருக்கோமே. எப்படிச் சரி பாத்த?

அண்ணன்: உன்ன வச்சுத்தான்.

தங்கை: என்னயா?

அண்ணன்: எதிர்ல உக்காரச் சொல்வேன்ல? தாளம் தப்பிடக் கூடாதுன்னு தலைய ஆட்டி ஆட்டி எண்ணிக்கிட்டே வாசிப்பேன். கண்ணு மட்டும் உன் மூஞ்சியில இருக்கும். நீ சுளிச்சா பிரிச்சுப் பாக்கலாம், சிரிச்சா அனுப்பிடலாம்னு. இன்னிக்கு மாஸ்க்கால மறைச்சிட்ட. குருட்டாம்போக்குல சொல்லிட்டேன்.

தங்கை: நான் சுளிச்சதே இல்லயே அண்ணே.

அண்ணன்: ஆமா. நாலு தடவையும் சிரிச்ச. காது போனாலும் கை போகலன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ...ஆனா ஒண்ணு கேக்கறேன். போன தடவையும் நீ எதிர்லதான உக்காந்திருந்த? இவ்வளவு இரைஞ்சிருக்கு. உனக்குக் கேக்கலயா?

தங்கை: கேட்டுச்சு. எனக்குப் பெயிண்ட் தெரியும், சத்தத்தப் பத்தி என்ன தெரியும்? அதுவும் நீ போட்ட உறுமல்னு நெனச்சேன். நீ தலைய ஆட்டி ஆட்டி வாசிச்சியா... அண்ணனுக்கே திருப்தியா இருக்குன்னு, நான் உன் மூஞ்சியப் பாத்துத்தான் அண்ணே சிரிச்சேன்.