செத்தவன் போட்ட பேட்ச்

பேய்க்கு ராத்திரிதான் நேரம்னு எவன்டா உங்களுக்குச் சொன்னது? இது நல்ல உச்சிவேளை. பன்னெண்டு மணி வெயிலு. மேட்டுப்பாளையம் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற மில்லு ரோடு… ஒரு ஈ காக்கா இல்லை.

கிட்ட வந்து உக்காருங்க. கத்திச் சொல்ற கதையில்லை இது. நிஜாமு, நீ போயி அந்தக் கதவைச் சாத்திட்டு வா… பயமா இருந்தா சாத்தாமயே வா, ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

தொண்ணூத்தாறு, ஆயுதபூசை நோம்பி. எங்கூடப் படிச்ச சாய்குமாரு இருக்கானல்ல, அவனோட சித்தி ராமாமணி. டிவிஎஸ் ஃபிப்டியில தன்னந்தனியா அந்த ரோட்டுல போச்சு. காலையில பூசை முடிஞ்சு, பொரி கடலைப் பொட்டணம் குடுத்து மில்லு ஆளுங்க எல்லாத்தையும் ஊட்டுக்குத் தாட்டிவிட்டுட்டாங்க. கேட்டுக்கு முன்னால ஒடைச்ச பூசணிக்காய் குங்குமத்தோட காஞ்சு கெடந்துச்சு. சங்கு ஊதலை. மிசின் சத்தம் இல்லை. அந்த மில்லு அத்தனை அமைதியாக் கெடந்து சித்தி பாத்ததே கெடையாது.

நோம்பியன்னைக்கு அங்க என்ன வேலைங்கறியா? இரு, சொல்றேன்.

சித்திக்கு மில்லுல கம்ப்யூட்டர் ரூம்ல வேலை. குட்டி பீரோ அளவுக்கு ஒரு சர்வர். சம்பளம், போனஸ், பஞ்சு இருப்பு… அத்தனையும் அதுக்குள்ள. பம்பாய் ஆபீசுக்குப் போன் லைன் வழியாப் பேசும். அந்த லைன் வழியா எவனாச்சும் களவாணி உள்ள பூந்துருவான்னு, செஞ்ச கம்பெனிக்காரன் அப்பப்ப பேட்ச் அனுப்புவான். சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டறாப்பல, சாஃப்ட்வேர் ஓட்டைக்கு ஒட்டு. பெங்களூர்ல இருந்து கூரியர்ல டேப்பு வரும், சித்தி போடும். எந்த பேட்ச், என்னைக்கு, யாரு போட்டது… எல்லாத்தையும் மிசினே எழுதி வெச்சுக்கும். எது போட்டாச்சு, எது போடலைன்னு கணக்குத் தப்பாமப் பாத்துக்கறதுதான் சித்தியோட பொழப்பு.

அதுக்கு முன்னால அந்தச் சீட்டுல இருந்தவரு கோபாலசாமி. பன்னீர்ப் புகையிலை போடற மனுசன். ஒரு நாள் பேட்ச் போட்டுட்டு இருக்கறப்பவே… நெஞ்சைப் புடிச்சவரு, அப்படியே கீபோர்டு மேல சாஞ்சுட்டாரு.

ஆளு போனா அவரு பேரை மிசின்ல இருந்து எடுக்கோணும். அதுதான் முறை. ஆனா மேனேஜர் அழகிரிசாமி கையெடுத்துக் கும்பிட்டாரு. "செத்தவன் பேரை அழிக்காத அம்மணி. பாவம் நம்மளைச் சுத்தும்." மத்தவங்களும் உச்சுக்கொட்டுனாங்க. சரி, பெரியவங்க சொல்றாங்கன்னு சித்தியும் உட்டுருச்சு. அங்கதான் வந்துது வெனை.

ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாள் பாக்குது… லிஸ்ட்டுல புதுசா ஒரு பேட்ச். போட்டது யாரு? கோபாலசாமி. அடுத்த மாசம் இன்னொண்ணு. பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்டா, "அந்த நம்பர்ல நாங்க இன்னும் எதையுமே வெளியிடலீங்களே மேடம்"ங்கறான்.

போனஸ் அன்னைக்கு மூணாவது ஒண்ணு பூந்துச்சு. மிசின் நின்னு போச்சு. ஆயிரத்துச் சொச்சம் பேரு இருட்டற வரைக்கும் வெறுங்கையோட வரிசையில நின்னாங்க.

அழகிரிசாமி வந்தாரு. "செத்தவன் பாஸ்வேர்டு உனக்குத் தெரியும். அவன் பேருல நீ போட்டு, தப்பை அவன் தலையில கட்டறே. நோம்பி முடிஞ்சதும் சாவியை வெச்சுட்டுப் போயிரு அம்மணி."

வேலை போறது ஒரு பக்கம். திருட்டுத்தனம் பண்ணுனவள்னு பேரு வாங்கிட்டுப் போறதா? சித்திக்கு அடிவயித்துல இருந்து கோவம் வந்துச்சு. கோவம் வந்தா அது தெலுங்குலதான் திட்டும். அன்னைக்கு மில்லே கேட்டுச்சாம்.

அதான் அந்த உச்சிவேளையில போச்சு. அந்தப் பேரை அழிக்க. பூசை வெச்ச மிசினை அன்னைக்குத் தொடக்கூடாதும்பாங்க… "தொட்டா என்ன பண்ணிருவாரு? பாக்கலாம்"னு போச்சு.

மெயின் சுவிட்சை எறக்கி, அதுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சிருந்தாங்க. கரண்டு இல்லை. சித்தி வராண்டாவுல நடக்குது…

டக்… டக் டக்… டக்.

கீபோர்டு சத்தம். பூட்டுன ரூமுக்குள்ள.

நான் ஒண்ணும் வீரம்னு கட்டிச் சொல்லலை, சித்தியே சொன்னது. திரும்பி ஓடிரலாம்னுதான் இருந்துச்சாம். அப்புறம் அந்த 'சாவியை வெச்சுட்டுப் போயிரு' ஞாவகம் வந்துச்சு. பூட்டைத் தொறந்துச்சு.

கற்பூர வாசம்… அதுக்கு மேல குப்புன்னு பன்னீர்ப் புகையிலை. காலையில சித்தியே தன் கையால நிறுத்திட்டுப் போன மிசின், கரண்டே இல்லாம ஓடிட்டு இருக்குது. ஸ்கிரீன்ல பேட்ச் ஏறிட்டு இருக்குது. சாமந்தி மாலை போட்ட கீபோர்டுல, பூவுக்கு அடியில, கட்டைங்க தானா அமுங்கி அமுங்கி எந்திரிக்குது.

நாற்காலியைப் புடிச்சு இழுத்துச்சு. வரலை. ஒரு ஆளு உக்காந்திருந்தா எப்படிக் கனக்கும்… அந்தக் கனம்.

"ஏனுங்ணா," அப்படின்னுச்சு சித்தி. "உங்க மேல எனக்கு மருவாதி இருக்குதுங்க. ஆனா வேலை பாக்கறது நீங்க, பேச்சு வாங்கறது நானாங்க? உங்க காலம் முடிஞ்சுபோச்சு. இது என்ற சீட்டு. எந்திரிங்க."

கீபோர்டு நின்னுச்சு.

"எந்திரிங்கன்னா!"

நாற்காலி… மெதுவா… தானாப் பின்னால உருண்டுச்சு.

சித்தி உக்காந்துச்சு. உக்கார்ற எடம் சுட்டுச்சாம். மாலையைத் தூக்கி அக்கட்ட வெச்சுட்டு, கோபாலசாமி பேரை அழிச்சுப்போட்டுது. நெசமா அழிக்கட்டுமான்னு மிசின் கேட்டுச்சு. ஆமான்னு அடிச்சுது. ஸ்கிரீன் அணைஞ்சுது. புகையிலை வாசம் போன எடம் தெரியலை. ஊட்டுக்குப் போயி ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுட்டு, பட்டப்பகல்ல இழுத்துப் போத்திட்டுப் படுத்துக்குச்சு.

நோம்பி முடிஞ்சு மில்லு தொறந்துச்சு. சித்தி மிசினைப் போட்டு உக்காந்திருக்குது. அழகிரிசாமி வந்து பின்னால நின்னாரு.

"அவரு பேரை அழிச்சுட்டேனுங்க சார். இப்ப இந்த மிசின்ல என்ற பேரு ஒண்ணுதான் இருக்குது."

"நல்லதாப் போச்சு. இனிமே ஒண்ணு வந்தா உன்ற பேருலதான் வரும். அதையும் பாத்துட்டுச் சாவியை வாங்கிக்கறேன்."

"வரட்டுங்க"ன்னு சித்தி கையைக் கட்டிக்கிச்சு.

வாயை மூடலை, டேப்பு போடற பொட்டி கிர்ருன்னு சுத்துச்சு. உள்ள டேப்பே போடலைடா! லிஸ்ட்டு தானா வந்துச்சு. அடியில புதுசா ஒரு வரி. பேட்ச் நம்பர்… தேதி… மணி. அடுத்தது பேரு. ஒவ்வொரு எழுத்தா வருது. சித்தி கண்ணை மூடலை. என்ற பேருதானே வரும், வா, பாத்துக்கறேன்னு மொறைச்சுட்டு இருந்துச்சு.

மொத எழுத்து ஆர் இல்லை.

ஏ. அப்புறம் எல். திருப்பியும் ஏ…

அழகிரிசாமி.

கீபோர்டைத் தொட்டே பாக்காத மனுசன் அவரு. அந்த மிசின்ல அவருக்குப் பேரே குடுத்ததில்லை.

சித்தி இடுப்புல இருந்த சாவியை எடுத்து நீட்டுச்சு. "உங்க பேரு வந்துருச்சுங்க சார். இந்தாங்க. நீங்களே பாத்துக்கங்க."

அவரு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாரு. சாவியை வாங்கலை. அப்புறமும் பல வருசம் சித்திதான் அந்த நாற்காலியில உக்காந்து பேட்ச் போட்டுச்சு. ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்கலை.

அழகிரிசாமி பி.காம். படிச்சவரு. ஆனா அன்னையில இருந்து எங்கியும் தம் பேரை எழுத உடறதில்லை. மக கண்ணாலப் பத்திரிகை சாய்குமாரு ஊட்டுக்கு வந்துச்சு, நானே கையில வாங்கிப் பாத்தேன். தாத்தா பேரு இருக்குது, அம்மா பேரு இருக்குது, மாமன்மாரு பேரு வரிசையா இருக்குது. பொண்ணோட அப்பன் பேரு வர்ற எடம் மட்டும் வெறுங்காயிதம்… உசுரோட இருக்கற மனுசன், அந்தப் பத்திரிகையை அவரேதான் ஊடு ஊடாக் கொண்டு வந்து குடுத்தாரு.