வாசலில் மாட்டிய பி கிரேடு

துபாய்ச் சுவரில் ஆணி அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, ஐயா. டிரில் இல்லாமல் கான்கிரீட் மசியாது. அன்றைக்கு அதிலேயே இருபது நிமிடம் போய்விட்டது.

அல் கூஸில் தொழிலாளர்களுக்கு மெடிக்கல் டெஸ்ட் எடுக்கும் கட்டடத்தைப் பராமரிப்பது என் கான்ட்ராக்ட். 2008இல் எங்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று கிரேடு போட்ட சான்றிதழை, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலில் மாட்ட வேண்டும். டி கிரேடு வந்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாக, எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், சொல்லியிருந்தார்.

மொட்டை மாடியில் ஒரு தகரக் கேபின். பிளானில் கிடையாது. வாட்ச்மேன் வீரபாண்டி அதில் தங்கியிருந்தான். முதுகுளத்தூர்ப் பக்கம், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனுடைய ஓட்டை ஏசி ஒரு மாடிக்கு உண்டான கரண்டை இழுக்கும். ஆய்வுக்கு வரவேண்டிய இன்ஜினியர் விஜயபாஸ்கர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, படியேறிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஏசியை அணைத்தேன். வீரபாண்டி பாயில் எழுந்து உட்கார்ந்தான்.

"பாய், அனலா அடிக்குமே."

"அரை மணி நேரம்தான். மூச்சு விடாமக் கெட."

"மூச்சாவது விட்டுக்கிறேனே பாய்," என்று சிரித்தான்.

வெளியே வந்து கதவைப் பூட்டினேன். பூட்டிக்கிடந்தால் ஸ்டோர் ரூம் என்று விட்டுவிடுவார்கள். ஆகஸ்ட் மாதம், பகல் பதினொரு மணி.

இன்ஜினியர் மாடியில் நின்று குறிப்பெடுக்கும்போது தட்டும் சத்தம் கேட்டது.

"என்ன பாய் அது?"

"தண்ணிக் குழாய் சார். வெயிலுக்கு அடிச்சுக்கும்."

கீழே வந்து அவர் சி போட்டார். சி என்றாலே பாஸ். வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் காயல்பட்டினத்து ஜவுளிக்கடைக்குள் வளர்ந்தவன். முதலில் சொன்னதற்கே தலையாட்ட எனக்கு வராது. பி கேட்டேன்.

"என்ன பாய், கத்திரிக்காயா வாங்குறீங்க?"

"கத்திரிக்கான்னா விட்டுருவேன் சார். இது வாசல்ல தொங்கப்போறது."

சிரித்துவிட்டு, விளக்குகளை மாடி மாடியாக மறுபடி எண்ணச் சம்மதித்தார். மேலே ஏற ஏறத் தட்டல் கேட்டது. நான் சத்தமாகப் பேசிக்கொண்டே போனேன். மூன்றாம் மாடியில் எண்ணும்போது அது நின்றது. நிலைமை புரிந்த ஆள் என்று வீரபாண்டியை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பி கிடைத்தது. மாட்டிய சான்றிதழைப் போட்டோ எடுத்தால்தான் அவருடைய ஃபைல் முடியும். டிரில் தேடி, மாட்டி, பக்கத்தில் நின்றேன். படத்தில் என் கண் மூடியிருந்தது. இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அவருடைய கார் திரும்பும்வரை கையாட்டிவிட்டு மாடிக்குப் போனேன். பூட்டு கையைச் சுட்டது. கீழே போய்த் துணி எடுத்துவந்து திறந்தேன். கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து உண்டு. அதில் வாயை வைத்துப் படுத்திருந்தான்.

பூட்டியது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மறுக்கவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள். அது அதிகம், ஐயா. சத்தம் நின்ற பிறகு உள்ளதையும் சேர்ப்பது நியாயமா? ஒன்றரை என்று போடுங்கள். சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இரண்டு.