ஏரிக்கு ஊற்றிய பால்

தேநீர் நன்றாக இருக்கிறது, தம்பி. கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் ஊற்றினீர்கள் பாருங்கள், அதிலேயே உங்களை வளர்த்தவர்கள் தெரிகிறார்கள். விளிம்புவரை ஊற்றினால் 'கிளம்புங்கள்' என்று பொருள் என்பதே தெரியாமல், இப்போதெல்லாம் பலர் அப்படி ஊற்றி நீட்டிவிட்டு, விருந்தாளி ஏன் உடனே எழுந்து போகிறார் என்று கேட்கிறார்கள்.

இதுவும் ஒரு சடங்குதானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, இது நாகரிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித்தான் நான் வாழ்நாளெல்லாம் சம்பளம் வாங்கினேன். சோவியத் காலத்தில் மலைக் கிராமங்களின் மன்றங்களில் கடவுள் இல்லை என்று உரையாற்றுவேன். ஸூராகான் அப்போது நான் வேலை பார்த்த மலை ஆய்வுக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். நான் பேசப் பேசத் திரையில் படம் காட்டுவது அவள் வேலை. இடி எப்படி உண்டாகிறது என்று நான் சொல்லும் இடத்தில் மின்னல் படம் சரியாக வந்து விழும். ஒருநாளும் தவறியதில்லை. அப்படிப்பட்டவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பிறகு நாடு மாறியது. என்னோடு சேர்ந்து கடவுளை மறுத்தவர்கள் ஒவ்வொருவராக மெக்கா போய்வந்தார்கள். எங்கள் இயக்குநர் புது நிலநடுக்கமானியை இயக்கிவைக்க ஆடு வெட்டினார். கறி எனக்கும் வந்தது, நன்றாகத்தான் வெந்திருந்தது. நான் மாறவில்லை. ஸூராகானும் மாறவில்லை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவள் மாறவில்லைதான். தொடக்கத்திலிருந்தே அவள் அப்படித்தான் இருந்திருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை.

சென்ற வசந்தத்தில் நான் மலையேறும்போது போடும் குளிர்ச்சட்டை ஒரு பாறையில் மாட்டிக் கிழிந்தது. உள்துணிக்குள்ளிருந்து முக்கோணமாகத் தைத்த தோல் துண்டு ஒன்று விழுந்தது. நேரே அவள் மேசைக்குப் போனேன்.

"ஸூராகான், இது என்ன?"

"தாயத்து, பைக்கே." சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல்தான் என்னை எப்போதும் கூப்பிடுவாள்.

"தாயத்துன்னு தெரியுது. என் சட்டைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நான்தான் தைச்சேன். அதுக்கு அடுத்த வருஷம்தானே பனிப்பிளவுல விழுந்து, ஒரு கீறல் இல்லாம ஏறி வந்தீங்க."

"கயிறு கட்டியிருந்தேன்."

"ஆமா, கயிறும் இருந்துச்சு."

அந்த 'உம்'மைக் கவனித்தீர்களா? நான் பிளவிலிருந்து ஏறிவந்த முறையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். மீட்புக் குழுவினர் அதைப் படித்துத்தான் கயிறு கட்டப் பழகுகிறார்கள். அத்தனை காலமும் அந்தக் கட்டுரையைப் படித்துப் பாராட்டியவளின் மனதில், கயிறும் இருந்தது.

அதன்பிறகு அவளே மீதியையும் சொன்னாள், ஏதோ வீட்டுச் செய்தி சொல்வதுபோல. நாங்கள் கண்காணிக்கும் பனியாற்று ஏரியில் நீர்மட்டம் அளக்கும் மானியை இறக்குமுன் கரையில் நின்று பால் ஊற்றுவாளாம். "தண்ணிக்குச் சொந்தக்காரி இருக்கா, பைக்கே. கேக்காம கை வைக்கிறது மரியாதையா?" என்றாள். அப்படியானால் நீ எடுத்த அளவுகளுக்கு என்ன மதிப்பு என்றேன். சிரித்தாள். "ஒரு செம்பு பால்ல ஏரி மட்டம் ஏறிடுமா என்ன?"

அவள் எடுத்த அளவுகளை எல்லாம் மறுபடி சரிபார்த்தேன். இத்தனை ஆண்டு வேலையில் எங்காவது ஒரு பிழை இருக்கும் என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் அவளை மன்னித்திருப்பேன்.

கோடையில் நடந்ததுதான் உங்கள் விசாரணைக்கு வேண்டியது. ஏரியைத் தாங்கி நிற்பது பனியாறு கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணுமான கரை. அதன் அடிவாரத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும், கண்ணாடி மாதிரி தெளிவாக. அதற்கும் கீழே மேய்ச்சல் புல்வெளி. மேய்ப்பர்களின் கம்பளிக் கூடாரங்கள். புளித்த குதிரைப்பாலான குமிஸ் குடித்து உடம்பு தேற்ற பிஷ்கெக்கிலிருந்து வரும் குடும்பங்கள். கசிவு வெள்ளையாகிவிட்டது என்று ஸூராகான் என்னை அழைத்துப்போய்க் காட்டினாள். கரைக்குள் தண்ணீர் வழி கண்டுவிட்டது, உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது, கூடாரங்களை உடனே எடுக்க வேண்டும் என்றாள். நான் குனிந்து கையை நனைத்துப் பார்த்தேன்.

புல்வெளியைக் காலிசெய்ய உத்தரவு வேண்டும். அதற்காகக் கூட்டம் கூடியது. பேரிடர்த் துறையிலிருந்து ஜப்பார் தலைமை தாங்கினார். ஸூராகான் நன்றாகத்தான் பேசினாள். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பனியாற்றுப் பிரிவின் தலைவர் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார் ஜப்பார். கருத்து எதுவும் இல்லை, ஒரே ஒரு கேள்வி இருக்கிறது என்றேன்.

"ஸூராகான், இந்த வருஷம் ஏரிக்குப் பால் ஊத்தினியா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஊத்தினேன்" என்றாள்.

"அப்புறம் கசிவு வெள்ளையா வராம வேற எந்தக் கலர்ல வரும்?"

என் உரைகளுக்குக்கூட யாரும் அப்படிச் சிரித்ததில்லை. ஜப்பார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கண்ணேறு படாமலிருக்க மணிக்கட்டில் அவர் கட்டியிருந்த மணியும் குலுங்கியது. "அடுத்த தடவை குமிஸ் ஊத்துங்க, எஜே. நாங்களும் கீழ கிண்ணத்தோட வந்து நிக்கிறோம்" என்றார், அக்காவைக் கூப்பிடும் அதே மரியாதையோடு.

ஸூராகான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு என்னிடம் மட்டும் கேட்டாள்: "பைக்கே, நீங்க கைய விட்டுப் பாத்தீங்கல்ல?"

"நான் பாத்தது இதைத்தான்" என்று தாயத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது.

அவள் தனியாகப் புல்வெளிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் என் நகைச்சுவை தொலைபேசியில் போய்ச் சேர்ந்துவிட்டது. கூடாரம் கூடாரமாக நின்று மண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். "ஏரிக்கு ஊத்தினது போக மிச்சம் இருந்தா எங்க குட்டிக்கும் குடுங்க, எஜே" என்று சிரித்தார்களாம். பிழைத்தவர்கள் சொன்னது இது. எல்லாக் கூடாரத்துக்கும் சொல்லி முடிக்காமல் இறங்க மாட்டேன் என்று இருந்துவிட்டாளாம். கரை உடைந்தபோது அவளும் அங்கேதான் இருந்தாள். இறந்தவர்கள் பத்தொன்பது பேர் என்கிறது உங்கள் அறிக்கை. அவள் கடைசியாகத்தான் கிடைத்தாள், அவளைச் சேர்த்தால் இருபது.

என் மகள் பெர்மெத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், ஆண்டுதோறும் அவள் கூடாரமும் அங்கேதான், ஆற்றோரம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் தொலைபேசியில் அவளிடம் பேசினேன். குதிரைகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உடனே இறங்கச் சொன்னேன்.

"என்னப்பா திடீர்னு?"

"கெட்ட கனவு கண்டேன்மா."

"சரிப்பா, இறங்கிடறோம்."

அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் பக்கத்துக் கூடாரங்களுக்கும் சொல்லியிருப்பாள், அவள் மனசு அப்படி. பிறகு நான் கூட்டத்தில் பேசியதற்கு அர்த்தம் இல்லாமல் போயிருக்கும். ஸூராகான் சொன்னதுதான் சரி என்று நானே முத்திரை குத்திக் கொடுத்ததாக ஆகியிருக்கும். தாயத்து தைக்கிறவள் சொன்னதை.

எனக்குத் தெரியுமா என்று நீங்கள் நேராகக் கேட்டால் நேராகச் சொல்கிறேன். தெரியும். அன்று கசிவில் நனைத்த விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்றது. பாலில் மண் இருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள், முதலில் துரோகம் செய்தது யார்?

கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டீர்கள். புரிகிறது, எழுந்துகொள்கிறேன். கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு திருத்தம். நீங்கள் தட்டச்சு செய்ததில், 'கனவு கண்டதால் மகளை இறங்கச் சொன்னார்' என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். நான் கனவு எதுவும் காணவில்லை. கரை உடையும் என்று ஆதாரத்தோடு தெரிந்துதான் சொன்னேன். நாளைக்கு நீதிமன்றத்தில் யாராவது இதைப் படித்துவிட்டு, இவரெல்லாம் ஒரு விஞ்ஞானியா என்று கேட்டுவிடக் கூடாது.