மதியத் தூக்க மணி

தவளைகளைப் பற்றி யாருமே புகார் கொடுக்கவில்லை ஐயா. முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குளம் உண்டு. மே மாதக் கடைசியில் தவளைகள் தொண்டை கிழியக் கத்தும். இறுதித் தேர்வை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தூங்க வேண்டாமா? ஆள் வைத்து மருந்து போட்டேன். மறுநாள் வயிறு மல்லாந்து மிதந்தவற்றைக் கூடை கூடையாக அள்ளினார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பெற்றோர்களோ என் மேசையில் லிச்சிப் பழம் வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரே அப்படித்தான். தேர்வு நடக்கிற ஜூன் ஏழும் எட்டும் டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்க மாட்டான், கட்டட வேலை நிற்கும், கல்யாண வீட்டில்கூடப் பட்டாசு கிடையாது. பிள்ளைகளுக்காக வாயை மூடிக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம்தான்.

பத்தொன்பது வருடமாக வகுப்பாசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம் என் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். ஐம்பத்தோரு பேர் வெறும் சோற்று மூட்டைகள். சொல்லக் கூடாதுதான், ஆனால் அவர்கள் விடைத்தாளைத் திருத்திப் பார்த்தால் உங்களுக்கும் அருவருப்பாக இருக்கும். தெங் சுயே மட்டும் வேறு மாதிரி. எங்கள் பள்ளியிலிருந்து பெய்ஜிங்கின் பெரிய பல்கலைக்கழகத்துக்கு இதுவரை ஒரு பிள்ளைகூடப் போனதில்லை. இவள் போவாள் என்று வந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் மாதிரித் தேர்வில் எழுநூற்றைம்பதுக்கு அறுநூற்று எழுபத்திரண்டு வாங்கியவள், மே மாதத்தில் அறுநூற்று முப்பத்தொன்று வாங்கினாள். நாற்பத்தொரு மதிப்பெண் எங்கே போனது? தேடிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். பள்ளி விடுதிக்குப் பின்சந்தில் ஒற்றை அறை. அப்பா சுரங்கத்தில் செத்துப்போனவர். மலைக் கிராமத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த அம்மா, மகள் படிப்புக்குத் துணையாக வந்து, மூன்று வருடமாக நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது. சுயே அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

கட்டிலுக்கடியில் ஒரு பேசின் இருந்தது. சளியும் ரத்தமும். மூடிக்கூட வைக்கவில்லை.

"ராத்திரி பூரா இருமுறேன் டீச்சர். பாவம், புள்ள காதுல பஞ்ச வச்சுக்கிட்டுத்தான் படுக்குது" என்றாள்.

என் நாற்பத்தொரு மதிப்பெண் அந்தப் பேசினில் கிடந்தது. அன்றைக்கே சுயேயை விடுதிக்கு மாற்றினேன். அம்மாவுக்கு வெறும் சளிதான், உனக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளிடம் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரியில் உடனே படுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். படுத்தால் வீட்டு ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மகளை விட்டால் பக்கத்தில் யாருமில்லை.

"பதினஞ்சு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. இப்ப அவளுக்குத் தெரிஞ்சா உங்க மூணு வருசப் பாடும் மண்ணாப் போயிடும்" என்றேன்.

"சரிங்க டீச்சர். படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவளே ஒத்துக்கொண்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை.

ஜூன் ஆறாம் தேதி, மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சுயே அம்மாவிடமிருந்து போன் வந்தது. மூச்சு முட்டுகிறது, ஆம்புலன்சு கூப்பிடுங்கள் என்றாள். ஓடினேன் ஐயா, நடக்கவில்லை. ஆனால் ஒன்று முதல் இரண்டுவரை பிள்ளைகள் தூங்குகிற நேரம். ஆம்புலன்சு அந்தச் சந்துக்குள்தான் அலறிக்கொண்டு வர வேண்டும், விடுதி ஜன்னலுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். இரண்டாவது ஜன்னல் சுயேயுடையது. ரெண்டு மணி அடிக்கட்டும், பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் கூப்பிடுகிறேன் என்றேன். சுயே அம்மா தலையை ஆட்டினாள்.

இரண்டு மணி அடித்தபோது, கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

மற்றதெல்லாம் உங்கள் தாளில் இருக்கிறது. மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கி வைத்தேன். ஃபேனை ஓடவிட்டு அறையைப் பூட்டினேன். வீட்டுக்காரம்மாவிடம், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். ஆணியில் சுயே அம்மாவின் சிவப்புக் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. தேர்வன்று ராசிக்காக அம்மாக்கள் சிவப்பு உடுத்தி வாசலில் நிற்பார்கள், உங்களுக்குத் தெரியாததா? கடன் வாங்கித் தைத்தாளாம். சுயேயின் கண் அந்தச் சிவப்பைத் தேடாமல் இருக்குமா? தேடிக் கிடைக்கவில்லை என்றால் கணக்குத் தாளில் கை நடுங்காதா?

அதனால் நானே உடுத்திக்கொண்டேன். இடுப்பில் கொஞ்சம் இறுக்கம். குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாளும் கூட்டத்துக்குப் பின்னால் வெயிலில் நின்றேன். அவள் உள்ளே போகும்போது கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

கடைசித் தாள் முடிந்ததும் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "அம்மா" என்று முதுகில் முகத்தை வைத்து அழுத்தினாள். துணியில் அவள் அம்மா தேய்க்கும் தைல வாசனை இருந்தது. அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். நானே அவளை அறைக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்ததும் என் செருப்பிலேயே வாந்தி எடுத்தாள். எனக்கு அதெல்லாம் சுத்தமாகப் பிடிக்காது, ஆனாலும் முகம் சுளிக்காமல் நின்றேன்.

அறுநூற்று எண்பத்து நாலு ஐயா. மாவட்டத்திலேயே முதலிடம். எந்தக் கல்லூரி வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற படிவத்தில் ஒரு வரிகூட நிரப்பாமல் விட்டுவிட்டாள். கடைசி நாளும் போய்விட்டது. இப்போது மலையில் மாமா வீட்டில் தேயிலை பறிக்கிறாளாம். நான் ஆள் அனுப்பிப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டாளாம். இந்த விஷயத்தில் என்னால் சகிக்க முடியாதது இந்த நன்றிகெட்டதனம் ஒன்றுதான்.

துண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்.

ஒன்று இருபதுக்கு இருமல் பெரிதாகிவிட்டது. மேலே ஏதோ ஒரு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. துண்டை நாலாக மடித்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன், சத்தம் வெளியே போகக் கூடாது என்பதற்காக மட்டும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நன்றியோடுதான் பிடித்தாள் என்று நினைக்கிறேன். மணி அடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

கை கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சுயே முதல் பெஞ்சில் தெளிவான முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டேன்.

"நல்லாத் தூங்கினேன் டீச்சர். இன்னைக்கு அம்மா இருமல் பாதியிலேயே நின்னுடுச்சு. சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு" என்றேன்.

பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் பொய் சொன்னதில்லை ஐயா.